பேய்க்கு வந்த சோதனை

பல்லடம் பக்கம் பேய்ப்படம் எடுப்பவன் போன ஜென்மத்தில் ஏதோ பாவம் செய்தவன். பேய் என் தங்கை, பூதம் மாமா பையன், அவன் உடுப்பு முழுக்கத் தேங்காய் நார். செலவில்லை, சரி. சத்தத்தை என்ன செய்வது? கிணற்று மேட்டில் பேய் மெதுவாகத் தலையைத் திருப்பும்போது, பின்னால் விசைத்தறி 'டக்கடி டக்கடி' என்று தாளம் போடுகிறது. தறி நின்றால் மயில் அகவும். மயில் ஓய்ந்தால் அம்மாயி, "ஏஞ்சாமி, சாப்புட்டுப்போட்டு ஆடுனா ஆகாதா?" என்பார்.

ராத்திரியில் எடுத்தால் செல்போன் படம் புள்ளி புள்ளியாய் அடிக்கிறது. அதனால் சாயங்காலம் எடுத்து, நீலம் ஏற்றி இரவாக்குகிறோம். அந்த வெளிச்சம் மிஞ்சிப்போனால் 20 நிமிடம். சரியாக அப்போதுதான் பால்காரர் எக்ஸெல் மொபெட்டில் வந்து பேயிடம், "ஏங் கண்ணு, அப்பா இருக்காரா?" என்கிறார். பேயும் "தோட்டத்துக்குப் போயிருக்காருங்க" என்கிறது.

அப்புறம் ரத்தம். சர்க்கரைப் பாகு, சோள மாவு, சிவப்புக் கலர். நாருக்குள் கட்டெறும்பு ஏறி, பூதம் அலறியது பாருங்கள், அப்படியொரு அலறல்! கேமராவை அணைத்த பிறகு.