டிவி 4கே, வருகிற படம் எஸ்டி. யாரை ஏமாற்ற?

கடைக்குப் போனால் 43 இன்ச்சுக்கு மேல் எதைக் கேட்டாலும் 4கேதான் எடுத்துக் காட்டுகிறார்கள். அங்கே ஓடும் டெமோ வீடியோவில் கிளியின் ஒவ்வொரு இறகும் தனித்தனியாகத் தெரிகிறது. அதே டிவியை வீட்டில் மாட்டி கேபிள் இணைப்பைக் கொடுத்தால் செய்தி வாசிப்பவரின் முகத்தில் மூக்கு எங்கே முடிகிறது, கன்னம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. டிவி மேல் தப்பில்லை. உள்ளே வருவதே அவ்வளவுதான்.

எஸ்டி, அதாவது சாதாரணத் தரச் சேனல் என்பது அகலத்தில் 720 புள்ளி, உயரத்தில் 576 வரி. மொத்தம் சுமார் 4 லட்சத்து 15 ஆயிரம் புள்ளிகள். 4கே திரையில் இருப்பது 3840-க்கு 2160, ஏறக்குறைய 83 லட்சம். சரியாக 20 மடங்கு. ஒரு புள்ளி உள்ளே வந்தால் மீதி 19 புள்ளியை டிவியே ஊகித்து நிரப்பிக்கொள்ள வேண்டும். அந்த 576 வரிகளும் ஒன்றாக வருவதில்லை, ஒற்றைப்படை வரிகள் ஒருமுறை, இரட்டைப்படை வரிகள் அடுத்தமுறை என்று பாதி பாதியாக, வினாடிக்கு 50 தடவை வருகின்றன. பிக்சர் டியூப் காலத்தில் செய்த ஏற்பாடு இது. பிக்சர் டியூப் டிவியைப் பழைய இரும்புக்குப் போட்டு எத்தனை காலமாகிறது, ஆனால் சிக்னலில் மட்டும் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

வாக்கு எண்ணிக்கை நாளில் பாருங்கள். திரையின் அடியில் தொகுதி வாரியாக எண்கள் ஓடும். அது 3-ஆ, 8-ஆ, 6-ஆ என்று கண்டுபிடிக்க சோபாவை விட்டு எழுந்து டிவிக்கு அருகில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. 55 இன்ச் டிவி! கிரிக்கெட்டில் பந்து எல்லைக்கோட்டை நோக்கி ஓடும்போது கேமரா வேகமாகத் திரும்பும், அந்த நொடியில் புல்தரை முழுக்கப் பச்சைக் கட்டம் கட்டமாக உடைந்து போகும். பந்து எங்கே என்று யாருக்குத் தெரியும்?

புள்ளிகள் குறைவு என்பது பாதிக் கதைதான். கேபிளில் 8 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஓர் அலைக்கற்றைத் துண்டில் வழக்கமான முறையில் வினாடிக்கு 38 மெகாபிட் அளவுக்குத்தான் தரவு போகும். அதற்குள் பத்து, பதினைந்து சேனல் என்று திணிக்கிறார்கள். போதாததற்குப் பல செட்டாப் பெட்டிகள் இன்னும் 1990-களில் வந்த எம்பெக்-2 என்ற, படத்தைச் சுருக்கி அனுப்பும் முறையிலேயே ஓடுகின்றன. அதற்குப் பிறகு 2003-ல் எச்.264, 2013-ல் எச்.265, 2020-ல் எச்.266 என்று மூன்று தலைமுறை வந்துவிட்டது. சேனல் எண்ணிக்கையைக் காட்டித்தான் இங்கே வியாபாரம் நடக்கிறது, ஒரு சேனலுக்கு எத்தனை மெகாபிட் தருகிறீர்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. தெருவுக்கு வரும் கேபிள் தம்பியைத் திட்டிப் பயனில்லை, பாவம், மேலிருந்து வருவதைத்தான் அவர் கொடுக்க முடியும்.

சரி, எச்டி போட்டுக்கொள்ளலாமே என்பீர்கள். அதற்குத் தனிக் காசு. 2019-ல் புதிய கட்டண முறை வந்தபோது, சேனல் எண்ணிக்கையை வைத்து வாங்கும் இணைப்புக் கட்டணத்தில் ஒரு எச்டி சேனலை இரண்டு எஸ்டி சேனலாகக் கணக்கு வைத்தார்கள். தெளிவான படம் என்பது ஏதோ ஆடம்பரம் போல! காசு கட்டிய பிறகாவது ஒழுங்காக வருகிறதா? பெயரில்தான் எச்டி, ஓடுவது பழைய டேப்பிலிருந்து எடுத்து இழுத்துப் பெரிதாக்கிய படம். 35 எம்எம் பிலிமில் எடுத்த எண்பதுகளின் படங்களில் எச்டிக்கும் மேலே நுணுக்கம் இருக்கிறது, நல்ல பிரிண்டைத் தேடி ஸ்கேன் செய்தால் கிடைக்கும். யாரும் மெனக்கெடுவதில்லை. ஒளிப்பதிவாளர் விளக்கை இப்படி அப்படி நகர்த்தி உழைத்ததெல்லாம் நம் வீட்டுக்கு வரும்போது சேறாகிவிடுகிறது. எனக்கு அதுதான் எல்லாவற்றையும் விட வயிற்றெரிச்சல்.

ஜப்பானில் என்எச்கே என்ற பொது ஒளிபரப்பு நிறுவனம் 2018 டிசம்பர் 1 அன்றே செயற்கைக்கோள் வழியாக, 4கேயைப் போல நான்கு மடங்கு புள்ளிகள் கொண்ட 8கே ஒளிபரப்பைத் தொடங்கிவிட்டது. தென் கொரியாவில் 2017 முதல் ஆன்டெனாவிலேயே 4கே வருகிறது. நமக்கு அதெல்லாம் இப்போதே வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 8கே டிவி விளம்பரத்தைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது, எதைப் போட்டுப் பார்க்க அது? 2011-ல் சட்டத்தைத் திருத்தி, 2012-லிருந்து கட்டம் கட்டமாகக் கேபிளை டிஜிட்டல் ஆக்கியபோது துல்லியமான படம் வரும் என்று சொல்லித்தானே வீட்டுக்கு வீடு பெட்டியை மாட்டினார்கள்? அந்தப் பெட்டியிலிருந்து இன்னும் பழைய மஞ்சள், சிவப்பு, வெள்ளை பின் வழியாகப் படம் வரும் வீடுகள் எத்தனை!

எஸ்டி ஒளிபரப்பை நிறுத்த ஒரு தேதி குறியுங்கள். பழைய டிவி வைத்திருப்பவர்களுக்கு எச்டி சிக்னலைச் சுருக்கிக் கொடுக்கப் பெட்டியாலேயே முடியும், அவர்களைக் காரணம் காட்டாதீர்கள். எச்டிக்குத் தனிக் கட்டணத்தை எடுங்கள். ஒவ்வொரு சேனலும் எத்தனை மெகாபிட்டில் வருகிறது என்று பேக்கேஜ் பட்டியலில் விலைக்குப் பக்கத்திலேயே அச்சடியுங்கள். அதைச் செய்துவிட்டு அப்புறம் வந்து 8கே பற்றிப் பேசுங்கள், கேட்கிறோம்.