நூலக வரியும் குழந்தைகள் பிரிவும்

“பொது நூலகங்கள் அரசின் தயவில் மட்டுமே ஓடுகின்றன, போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களைத் தவிர, குழந்தைகளுக்கு அங்கே எதுவும் இல்லை” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே சரியல்ல.

1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம் தமிழ்நாட்டில் நூலக வரியை ஏற்படுத்தியது. இன்று சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு, அதாவது 2,000 ரூபாய்க்கு 200 ரூபாய், நூலகத்துக்கென உள்ளாட்சி அமைப்புகளால் வசூலிக்கப்பட்டு, மாவட்டத்தின் பொது நூலகங்களை நிர்வகிக்கும் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் சேர வேண்டும். இது நாம் கட்டும் பணம். ஆகவே கணக்குக் கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு. இதைத் தயவு என்று எழுதினால் அந்த உரிமையே மறந்துபோகும் என்பதுதான் என் கவலை. உள்ளூர் மக்கள் பணம் செலுத்திப் புரவலராகும் வழியும், நூலகத்தின் வாசகர்கள் சேர்ந்து இயங்கும் வாசகர் வட்டமும் இதற்கு மேல் இருக்கின்றன.

குழந்தைகளைப் பொறுத்தவரை, 2010இல் சென்னை கோட்டூர்புரத்தில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் முதல் தளத்தில், செயற்கை மரம் ஒன்றுடன் அமைந்த தனிப் பிரிவு இருக்கிறது. 2023இல் திறக்கப்பட்ட மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சிறுவர்களுக்கெனத் தனிப் பகுதி உண்டு. சிற்றூர்க் கிளை நூலகங்களில் இவ்வளவு வசதி இல்லை என்பது உண்மை, அதைக் கேட்டுப் பெறுவதற்கு வாசகர் வட்டமே ஏற்ற இடம்.