கூடப் போக ஓர் ஆள்

அந்த இரண்டு காணொளிகளை நான் விளக்க வேண்டியதில்லை. மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள நம் சுங்கை சிப்புட்டில் ஏதாவது ஒரு புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் இருப்பவர்களுக்கு அவை பல முறை வந்திருக்கும். முதலாவதில், கோயில் வாசலில் கை நீட்டி உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு நம் ஊர்த் தம்பிகள் சிலர் அரிசி, எண்ணெய், மைலோ, சார்டின் டின் அடுக்கிய பெட்டியைக் கொடுக்கிறார்கள். அவரை எழுந்து நிற்கச் சொல்லி, பெட்டியைப் பிடிக்கச் சொல்லி, கேமராவைப் பார்க்கச் சொல்லி. பின்னால் பதாகை. இரண்டாவதில், அடுத்த வாரமே அவர் அதே இடத்தில் இருப்பதைக் காருக்குள் இருந்தபடி எடுத்து, "இவ்வளவு கொடுத்தும் திருந்தவில்லை, இனி யாரும் காசு போடாதீர்கள்" என்று குரல் கொடுக்கிறார்கள்.

பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அந்தக் காணொளிப் பதிவின் கீழே, அக்கறை இருந்தால் பாட்டியை வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லி என்னைப் பற்றி எழுதியதைப் படித்த பிறகு முடியவில்லை.

தம்பிகளே, பாட்டியிடம் அடுப்பு இருக்கிறதா என்று கேட்டீர்களா? கடைவீட்டு மாடியில் பலகைத் தடுப்புப் போட்ட அறையில் இருக்கிறார். அங்கே சமைக்க விடமாட்டார்கள். நீங்கள் கொடுத்த அரிசியைப் பக்கத்து அறைப் பெண்ணுக்குக் கொடுத்தார். அந்தப் பெண் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறவர், அவர் சில நாள் சோறு கொண்டுவந்து கொடுத்தார். இதைத்தான் "அரிசியை விற்றுவிட்டார்" என்று எழுதினீர்கள். வாடகைக்கு மைலோ கொடுத்தால் வீட்டுக்காரர் வாங்கிக்கொள்வாரா? வாடகைக்குக் காசு வேண்டும். அதனால் திரும்ப வந்து உட்கார்ந்தார். கேட்டிருந்தால் உங்களிடமும் சொல்லியிருப்பார்.

அவருக்கு வேண்டியது கூடப் போக ஓர் ஆள். அவ்வளவுதான்.

சமூக நல இலாகாவின் முதியோர் உதவித்தொகை 2025-இலிருந்து மாதத்துக்கு 600 வெள்ளி (ரிங்கிட்). 60 வயது ஆகியிருக்க வேண்டும், குடிமகனாக இருக்க வேண்டும், பார்த்துக்கொள்ள வசதியுள்ள குடும்பம் இல்லாமல் இருக்க வேண்டும். இந்தப் பாட்டிக்குத் தகுதி இருக்கிறது என்றுதான் எனக்குத் தெரிகிறது. ஆனால் அடையாள அட்டை தொலைந்துவிட்டது. அட்டை இல்லாமல் விண்ணப்பம் இல்லை, வங்கிக் கணக்கும் இல்லை. அட்டையைத் தொலைத்தால் முதல் முறை 100 வெள்ளி தண்டம், அடுத்த முறை 200, அதற்கப்புறம் 300. வாசலில் ஒரு வெள்ளி இரண்டு வெள்ளி என்று வாங்குகிற மனிதர் அந்தத் தண்டத்தை எங்கிருந்து கட்டுவார்? பதாகை அடித்த காசில் கட்டியிருக்கலாம். கோபமாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே கட்டியிருக்கலாம்.

பணத்தைவிடப் பெரிய தடை அலுவலக முகப்பில் நிற்பதுதான். என் அம்மா தோட்டத்தில் பால்மரம் (ரப்பர்) வெட்டியவர். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எதிர்வீட்டுப் பெரியம்மாவும் அப்படித்தான், விடியுமுன் பிரட்டுக்கு (வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்துக்கு) போனவர். தோட்டம் கைமாறி லயங்களை இடித்த பிறகு அவர் தனியாகிவிட்டார். உதவித்தொகைக்குத் தனியாகவே போய் வந்தார். உள்ளே என்ன நடந்தது என்று பிறகுதான் தெரிந்தது. அதிகாரி மலாயில் வேகமாகக் கேட்டிருக்கிறார். பெரியம்மா பயத்தில் எல்லாவற்றுக்கும் "யா, யா" (ஆமாம், ஆமாம்) என்று தலையாட்டியிருக்கிறார். பிள்ளைகள் மாதாமாதம் காசு கொடுக்கிறார்களா என்று கேட்டதற்கும் "யா". விண்ணப்பம் தள்ளுபடி. மகன் வருடக்கணக்கில் எட்டிப் பார்க்கவில்லை. அதை ஓர் அந்நியர் முன்னால் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அம்மா அவரோடு போய் உட்கார்ந்து, "இல்லைங்க, யாரும் கொடுப்பதில்லை" என்று சொன்ன பிறகுதான் பணம் வந்தது. அம்மாவின் மலாய் ஒன்றும் பிரமாதமில்லை. பக்கத்தில் ஆள் இருந்தது, அதுதான் வேலை செய்தது.

சரி, இனி வரப்போகும் கேள்விகள் எனக்குத் தெரியும்.

"கும்பல் வைத்துப் பிச்சை எடுக்கிறார்கள்." எடுக்கிறார்கள்தான். குழந்தையைக் கையில் கொடுத்து உட்கார வைப்பவர்களைப் போலீசில் சொல்லுங்கள். இந்தப் பாட்டி எந்தக் கும்பல்?

"காசு கொடுத்தால் குடிப்பார்கள்." சம்சு என்ற மலிவுச் சாராயம் எத்தனை குடும்பத்தை அழித்தது என்று தோட்டத்தில் பிறந்த எனக்குச் சொல்லித்தர வேண்டாம். எங்கள் லயத்தில் அது நுழையாத வீடு குறைவு. குடிப்பவரிடம் காசுக்குப் பதிலாகச் சோறு வாங்கிக் கொடுங்கள், மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். ஆனால் ஒருவர் குடிப்பார் என்ற சந்தேகத்தில் ஊரில் கை நீட்டும் எல்லாருடைய வாயையும் கட்டாதீர்கள். இந்தப் பாட்டி குடித்து நான் பார்த்ததில்லை. அப்படியே குடித்தாலும் வாடகை கட்ட வேண்டாமா?

"அரசின் 15999 உதவி எண்ணுக்கு அழைத்தால் வந்து கூட்டிப்போவார்கள்." அழைக்கலாம். நோயில் விழுந்து கடை முன் நடைபாதையில் கிடப்பவருக்கு அது உயிர் காக்கும். ஆனால் என்ன நடக்கலாம் என்று தெரிந்து அழையுங்கள். 1977-ஆம் ஆண்டின் ஆதரவற்றோர் சட்டப்படி மாஜிஸ்திரேட் உத்தரவிட்டால் ஒருவரை மூன்று ஆண்டுவரை இல்லத்தில் வைக்கலாம். அனுமதி இல்லாமல் வெளியேறினால் சிறை. அப்படிப்பட்ட இல்லங்கள் ஜொகூரின் மெர்சிங்கிலும் பகாங்கின் ஜெராண்டுட்டிலும் இருக்கின்றன. இந்த ஊர்க் கோயிலையும் நாலு தெருவையும் விட்டால் வேறு எதுவும் தெரியாத மனிதரை மெர்சிங் வரை அனுப்பிவிட்டு "உதவி செய்தோம்" என்று பதிவு போடுவீர்களா? 2014-ல் அப்போதைய கூட்டரசுப் பிரதேச அமைச்சர் தெங்கு அட்னான், கோலாலம்பூர் நகர மையத்தில் 2 கிலோமீட்டருக்குள் இலவச உணவு கொடுக்கக் கூடாது என்றபோது நாம் எல்லாரும் கொதித்தோம். இப்போது நம் ஊரில் நம் பிள்ளைகளே "காசு போடாதீர்கள்" என்கிறார்கள்.

"பெற்ற பிள்ளைகள் எங்கே?" இதைக் கேட்கும்போதுதான் எனக்கு அதிகமாக வலிக்கிறது. பிள்ளைகள் தோட்டத்திலேயே இருந்திருந்தால் பக்கத்து லயத்தில் இருந்திருப்பார்கள். தோட்டம் இல்லை, வேலை இல்லை, அதனால் ஷா ஆலாமுக்கும் ஜொகூருக்கும் தொழிற்சாலைக்குப் போனார்கள். பெற்றவர்களுக்கு 55 வயதில் கையில் வந்த ஈபிஎஃப் (சேமநிதி) பணம் ஒரு மலிவு வீட்டின் முன்பணத்தோடு முடிந்தது. பிறப்பைப் பதியாமல் விட்டதால் குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அட்டையோடோ ஒன்றுமே இல்லாமலோ வளர்ந்தவர்களும் நம்மில் உண்டு. 2018-ல், 60 வயதைத் தாண்டிய 3,407 சிவப்பு அட்டை இந்தியர்களுக்குக் குடியுரிமை என்று அறிவித்தார்கள். அந்த வயதுவரை இங்கேயே உழைத்தவர்கள். ரப்பரும் செம்பனையும் இந்த நாட்டைத் தூக்கி நிறுத்தின என்று மேடையில் பேசுகிறோமே, மரம் வெட்டிய கைகள் இவைதான்.

இதே ஊரில் பிறந்த ம.இ.கா. தலைவர் துன் சம்பந்தன், பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்பதைப் பார்த்துவிட்டு, 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டம் தோட்டமாக நடந்தார். தொழிலாளர்கள் பங்குப் பணம் கட்டித் தோட்டமே வாங்கினார்கள். என் அம்மாவும் கட்டியவர். அந்த ஊரில் ஒரு கிழவியைப் பதிவு இலாகாவுக்குக் கூட்டிப்போக ஆள் இல்லை என்றால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

"அவ்வளவு அக்கறை இருந்தால் உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். அதற்கு நிறையச் சிரிப்பு முகங்கள். அதில் சில என் தெருக்காரர்களுடையவை, அதுதான் தாங்கவில்லை. என் வீட்டில் படுக்கையில் என் அம்மா இருக்கிறார். இன்னொருவரை வைத்துக்கொள்ள என்னால் முடியாது, வெளிப்படையாகவே சொல்கிறேன். ஆனால் வீட்டில் வைத்துக்கொண்டால்தான் பேசலாம் என்று யார் சொன்னது? வைத்துக்கொள்ள முடியாதவர்களுக்காகத்தானே அந்த 600 வெள்ளி இருக்கிறது? அதை வாங்கித் தர ஒரு காலைப் பொழுது போதும், அல்லது நாலைந்து. கூடப் போங்கள். வாசலில் பார்க்கும்போது ஒரு வெள்ளி போடுவதையும் நிறுத்தாதீர்கள், அட்டை வரும்வரை அவர் சாப்பிட வேண்டும்.

தண்டப் பணத்துக்கு இரண்டு பேர் பொறுப்பேற்றுவிட்டார்கள், நன்றி. செவ்வாய்க்கிழமை காலை பாட்டியைப் பதிவு இலாகாவுக்கு அழைத்துப் போகிறோம், அவருக்குச் சம்மதம். கார் உள்ளவர் ஒருவரும், அம்மாவோடு அன்று வீட்டில் இருக்கக்கூடிய பெண் ஒருவரும் வேண்டும். உள்பெட்டியில் எழுதுங்கள்.