சர்க்கரை கேட்டா முகம் சுளிக்காதீங்க

"இந்தக் காப்பிக்குச் சக்கரை போட மாட்டோம்ங்க, அப்படியே குடிச்சாத்தான் அதோட டேஸ்ட்டு தெரியும்." கோயமுத்தூர், திருப்பூர்ப் பக்கம் புதுசாக வரும் சில கஃபேக்களில் இந்தப் பேச்சு சகஜமாகிவிட்டது. காசு கொடுத்து உட்கார்ந்திருப்பவர் ஏதோ தப்புச் செய்துவிட்டதுபோல் கூனிக்குறுகிப் போகிறார். பக்கத்துப் பேக்கரியில் "ஸ்ட்ராங்கா, சக்கரை கம்மியா ஒண்ணு போடுங்ணா" என்று உரிமையோடு சொல்லிக் குடிக்கிற அதே மனிதர்தான் இவர்.

காப்பியைச் சுத்தமாகக் கொடுக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஏற்காட்டிலும் வால்பாறையிலும் நிழல் மரங்களுக்கடியில் விளைந்த அராபிகா ரகக் காப்பியை, பழுத்த பழமாகப் பார்த்துப் பறித்து, பதமாக உலர்த்தி, இளம் வறுவலாக வறுத்திருக்கிறார்கள். அதில் ஆரஞ்சுத் தோல் வாசம், தேன் வாசம் எல்லாம் இருக்கிறது. சர்க்கரை விழுந்தால் அது அமுங்கிப்போகும் என்பதும் உண்மைதான். ஆனால் குடிக்கிறவர் நாக்கு அவருடையது. கடைக்காரர் கறாராக இருக்க வேண்டிய இடம் அடுப்படியும் விலைப்பட்டியலும். அங்கே கோட்டை விட்டுவிட்டு டம்ளரைப் பிடித்திருப்பவரிடம் வந்து கறார் காட்டுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

முதலில், சர்க்கரை ஏன் கேட்கிறார் என்று பாருங்கள். பாதி நேரம் அவர் சொல்லாமல் சொல்வது ஒரு பிழையை. "கசக்குது" என்றால் பொடி அளவுக்கு மீறி நைசாகியிருக்கலாம், தண்ணீர் அதிக நேரம் பொடியோடு நின்றிருக்கலாம். "புளிக்குது" என்றால் பொடி கொரகொரப்பாக இருந்து தண்ணீர் சீக்கிரம் ஓடிவிட்டது, அல்லது தண்ணீர் சூடு போதவில்லை. இளம் வறுவல் கொட்டை கெட்டியானது, சாறு இறங்க 93 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். மெஷின் அழுத்தத்தில் சாறு இறக்கும் எஸ்பிரஸோவில் 18 கிராம் பொடிக்கு 36 கிராம் சாறு 25 முதல் 30 விநாடிக்குள் இறங்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 15 விநாடியில் கொட்டிவிட்டால் அந்தப் புளிப்பு தோட்டத்தின் குணம் அல்ல, மெஷினில் நிற்பவரின் கவனக்குறைவு. அதைக் குடித்துவிட்டுச் சர்க்கரை கேட்பவரிடம் "உங்களுக்கு நாக்கு பழகலைங்க" என்று சொல்வது அநியாயம்.

பால் விஷயத்துக்கு வருவோம். வடிகட்டித் தாளில் ஊற்றியெடுக்கும் கருங்காப்பிக்கு 15 கிராம் பொடி, 240 மில்லி தண்ணீர் போடுகிறார்கள். பொடி தன் எடைபோல இரண்டு மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கோப்பையில் சேர்வது 210 மில்லி. அதில் கரைந்திருக்கும் காப்பிச் சத்து 3 கிராம் அளவுதான். இதில் பாலை ஊற்றினால் கழுநீர் மாதிரி ஆகும். அதனால் "பால் சேராது" என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதோடு நிறுத்திக்கொள்வது சோம்பல். அதே கொட்டையை இன்னும் கொஞ்சம் நைசாக அரைத்து, 20 கிராமுக்கு 120 மில்லி தண்ணீர் மட்டும் விட்டு எடுத்தால் 80 மில்லி கெட்டியான சாறு வரும். அதில் 60 மில்லி சூடான பால் சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள். கொட்டையின் வாசமும் போகாது, கேட்டவர் மனசும் நிறையும். கூடுதல் பொடிக்குக் காசு வாங்கிக்கொள்ளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

"சூடே இல்லீங்களே" என்ற குறையும் இதே கதைதான். நம்மூர்க் காப்பியில் 30 மில்லி டிகாசன்மேல் கொதித்த பால் 110 மில்லி விழுகிறது. ஆற்றிய பிறகும் 75 டிகிரி பக்கம் நிற்கும். எஸ்பிரஸோமேல் நுரைத்த பால் ஊற்றும் லாட்டேக்குப் பாலை 60, 65 டிகிரியில் நிறுத்துவார்கள். 70ஐத் தாண்டினால் நுரை முரடாகி உடையும், பால் இனிப்பு குறைந்து காய்ச்சிய வாடை வரும். அது சரி. ஆனால் அலமாரியில் சில்லென்று இருந்த கனமான பீங்கான் கோப்பை மட்டுமே ஐந்தாறு டிகிரியைக் குடித்துவிடும். கோப்பையில் ஒரு நிமிடம் கொதிநீர் ஊற்றி வைத்தாலே பாதிக் குறை தீர்ந்துவிடும். அதற்கும் மேல் சூடு கேட்டால் நுரைமேல் போடும் இலைப்படம் வேண்டாம் என்று விட்டுவிட்டு 72 டிகிரிக்கு ஏற்றிக் கொடுங்கள். ஒருமுறை நுரைத்த பாலை மறுபடி நீராவியில் பிடிக்காதீர்கள், நுரையும் வராது ருசியும் இருக்காது.

இப்போது எல்லா ஊரிலும் கேட்கப்படுவது நாட்டுச்சர்க்கரைக் காப்பி. பவானிக்குப் பக்கத்தில் நாட்டுச்சர்க்கரைக்குப் பேர்போன கவுந்தப்பாடி இருக்க, நம் பகுதியில் இதற்கு மறுப்புச் சொல்லவே கூடாது. ஆனால் கடைகள் இதைக் கெடுப்பதற்குக் காரணம் ஒன்றுதான்: பாலோடு சேர்த்துக் கொதிக்க விடுவது. பசும்பாலின் பி.எச்., அதாவது புளிப்பைக் காட்டும் அளவு, 6.7 பக்கம், கிட்டத்தட்ட நடுநிலையில் இருக்கும். நாட்டுச்சர்க்கரையும் வெல்லமும் லேசான புளிப்புத்தன்மை கொண்டவை, தாது உப்புகளும் அவற்றில் உண்டு. காப்பியும் தன் பங்குக்குப் புளிப்பு. ஆறிய பால் இதைத் தாங்கிக்கொள்ளும், கொதிக்கிற பால் தாங்காது, திரிந்துவிடும். காலையில் வாங்கி வெளியிலேயே வைத்த பாலாக இருந்தால் அதற்குள்ளேயே புளிப்பு ஏறியிருக்கும், சாயங்காலம் தொட்டதும் திரியும். கடைக்காரர் சர்க்கரையில் கலப்படம் என்பார், சர்க்கரை கொடுத்தவர் பாலைக் குறை சொல்வார்.

செய்ய வேண்டியது இதுதான். அரைக் கிலோ நாட்டுச்சர்க்கரைக்குக் கால் லிட்டர் தண்ணீர் விட்டுக் கரைந்து ஒரு கொதி வந்ததும் இறக்கி, வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். அடியில் கரும்புச் சக்கையும் மண்ணும் எவ்வளவு நிற்கிறது என்று ஒருமுறை பார்த்தவர்கள் பிறகு வடிகட்டாமல் விடமாட்டார்கள். ஆறவைத்து, ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளுங்கள். டம்ளரில் முதலில் பாகு 15 மில்லி, அதன்மேல் டிகாசன், இரண்டையும் கலக்கிவிட்டுக் கடைசியில் பால். பால் பொங்கி இறக்கிய இரண்டு நிமிடம் கழித்து ஊற்றினால் திரியாது. 15 மில்லியில் 13 கிராம் சர்க்கரை வரும், "கம்மியா" என்றால் 8 மில்லி. வெளிறிய மஞ்சளில் பளபளக்கும் சரக்கை வாங்காதீர்கள். நிறத்துக்காக ஹைட்ரோஸ் என்ற வெளுப்பு ரசாயனம் போட்ட சரக்கு அப்படித்தான் இருக்கும், சூடான பாலில் கந்தக வாடை எழும்பும். நல்ல சரக்கு பழுப்பாக, கையில் லேசாக ஒட்டும்.

அடுத்தது சிக்கரி. சுத்தம் பேசுபவர்கள் முதலில் கை வைப்பது இதில்தான். வறுத்த வேர்த்தூள், காஃபின் கிடையாது, பொடியின் விலையைக் குறைக்கக் கலக்கிறார்கள் என்பார்கள். எல்லாம் உண்மை. ஆனால் அது வேலையும் செய்கிறது. காப்பித்தூளில் கால் பங்குபோலத்தான் தண்ணீரில் இறங்கும், சிக்கரியில் பெரும்பகுதி கரைந்துவிடும். டிகாசனுக்கு அந்தக் கொழகொழப்பும் கருமையும் அதனால் வருகிறது. அது தண்ணீரையும் பிடித்து வைப்பதால் ஃபில்டரில் சொட்டு மெதுவாக இறங்கும். சிக்கரியை எடுத்துவிட்டு மற்ற அளவை அப்படியே விட்டால் தண்ணீர் சடசடவென்று ஓடி, டிகாசன் நீர்த்துப் போகும். குடித்துப் பார்த்தவர் "சுத்தக் காப்பின்னா இவ்வளவுதானா?" என்று திரும்பப் பழசுக்கே போவார். சிக்கரி இல்லாமல் போடுவதானால் பொடியை மூன்றில் ஒரு பங்கு கூட்டுங்கள், ஒரு படி நைசாக அரையுங்கள், வறுவலைக் கொஞ்சம் ஏற்றுங்கள், ரொபஸ்டா ரகக் கொட்டை ஐந்தில் ஒரு பங்கு சேருங்கள். தட்டை வைத்து அமுக்கும்போது கையின் கனம் மட்டும் போதும், இடித்து அமுக்கினால் அடைத்துக்கொள்ளும். கொதிநீரை ஒரேயடியாகக் கொட்டாமல் முதலில் பொடி நனையுமளவு விட்டு, அரை நிமிடம் கழித்து மீதியை ஊற்றுங்கள்.

ஊர்க் கடைவீதியில் காப்பிக்கொட்டை அரைத்துக் கொடுக்கும் கடைகளைப் பாருங்கள். "பீபெரி பாதி, பிளான்டேஷன் பாதிங்களா? சிக்கரி எத்தனைங்க?" என்று கொட்டை ரகத்தையும் சிக்கரி அளவையும் கேட்டுத்தான் மெஷினில் கொட்டுவார்கள். காப்பி 80, சிக்கரி 20 என்றால் அதே அளவு, சிக்கரியே வேண்டாம் என்றால் வேண்டாம். யாரும் யாருக்கும் பாடம் எடுப்பதில்லை, யாரும் யாரையும் ஏமாற்றுவதுமில்லை. கஃபேக்காரர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது இந்தக் கேள்வியைத்தான்.

விலைப்பட்டியலில் கறார் வேண்டிய இடம் பெயர். ஃபில்டர் காப்பி என்று எழுதிவிட்டு இன்ஸ்டன்ட் தூளைக் கலக்கிக் கொடுப்பது ஏமாற்று. பித்தளை டபராவில் ஊற்றிவிட்டதாலேயே அது டிகிரி காப்பி ஆகிவிடாது, தண்ணீர் சேராத கறந்த பாலும் அன்றைய டிகாசனும் வேண்டும். பள்ளிபாளையம் சிக்கனும் அப்படித்தான்: சின்ன வெங்காயம், விதை தட்டிய வரமிளகாய், தேங்காய்ச் சில்லு, மஞ்சள், உப்பு, கறி விட்ட தண்ணீரிலேயே வேக வேண்டும். கிரேவி வேண்டும் என்று ஒருவர் கேட்டால் தாராளமாகச் செய்து கொடுங்கள், வேறு பெயரில். அதற்காக அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு சண்டைக்குப் போக வேண்டியதும் இல்லை. சுக்குக் காப்பியில் காப்பித்தூளே கிடையாது, சுக்கும் மல்லியும் கருப்பட்டியும்தான். விற்பவருக்கும் தெரியும், குடிப்பவருக்கும் தெரியும், அதில் பொய் இல்லை.

கேட்டாலும் கொடுக்கக் கூடாதது என்று நான் வைப்பது சிலதைத்தான். காலை டிகாசனைச் சாயங்காலம் நேரடியாக அடுப்பில் வைத்துச் சூடாக்குவது, நாள் முழுக்கக் கொதித்து ஏடு ஏடாக நிற்கும் பால், நேற்றைய டிகாசனில் இன்றையதைக் கலப்பது. டிகாசனை மூடி போட்ட பாத்திரத்தில், சுடுதண்ணீருக்குள் வைத்துச் சூடு காக்கலாம். நாலு மணி நேரம் தாண்டினால் வாசம் போய்விடும், கொட்டிவிட்டுப் புதுசு இறக்க வேண்டியதுதான். "லேட்டாகும், பரவாயில்ல இதையே குடுங்க" என்று வாடிக்கையாளரே சொன்னாலும் பத்து நிமிடம் உட்காரச் சொல்லுங்கள்.

வாங்குகிறவர்களுக்கும் ஒன்று. காப்பியும் சிக்கரியும் கலந்த பொடியில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எது எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டில் அச்சடித்திருக்க வேண்டும் என்பது சட்டம். கடையில் நின்றே பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். எழுத்து பொடியாக இருக்கும், ஆனால் இருக்கும். கஃபேயில் என்றால் தயங்காமல் கேளுங்கள்: "சிக்கரி எத்தனை போடுறீங்க?"