ஆபரேஷன் தியேட்டர் ஏசியை அணைப்பது பற்றி ஒரு திருத்தம்

"ஆள் இல்லாதபோது ஆபரேஷன் தியேட்டர் ஏசியை சென்சார் தானாக அணைத்துவிடும், ஸ்மார்ட் மருத்துவமனையின் மின் சேமிப்பே அதில்தான்" என்று சொல்வதுண்டு. அது பாதிதான் சரி. விளக்கை அணைக்கலாம், காற்றோட்டத்தை அணைக்கக் கூடாது.

தியேட்டருக்குள் காற்றழுத்தம் வெளியே இருப்பதைவிடச் சற்று அதிகமாக இருக்க வேண்டும். அப்போதுதான் கதவு இடுக்கு வழியாக வராந்தாவின் தூசியும் கிருமியும் உள்ளே வராது. ஆஷ்ரே 170 (மருத்துவமனைக் காற்றோட்டத்துக்கான அமெரிக்கத் தரநிலை) கேட்கும் அழுத்த வித்தியாசம் வெறும் 2.5 பாஸ்கல்தான். விசிறி நின்றால் அதுவும் போச்சு.

அந்தத் தரநிலைப்படி அறுவை சிகிச்சை நடக்கும்போது மணிக்கு குறைந்தது 20 முறை காற்று மாற வேண்டும். ஆள் இல்லாத நேரத்தில் இந்த எண்ணிக்கையைக் குறைக்கலாம், ஆனால் அழுத்தம் மாறக் கூடாது. ஆள் வந்தால் பழைய அளவுக்குத் திரும்பியாக வேண்டும். விசிறி வேகத்தைப் பாதியாக்கினாலே அதன் மின் தேவை ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும், அப்புறம் எதற்கு முழுசாக அணைப்பது?

காற்றில் பரவும் நோய்க்கான தனிமை அறையில் அழுத்தம் நேர் எதிர், உள்ளேதான் குறைவு, கிருமி வெளியே போகக் கூடாது என்பதற்காக. அங்கே நோயாளி இருக்கும்போது ஆளில்லை என்று சென்சார் தப்பாக நினைத்து விசிறியை நிறுத்தினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.