"இதுகூடத் தெரியாதா?"

போன செவ்வாய்க்கிழமை காலை எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில் ஒரு பெரியவர் ரசீதைக் கையில் பிடித்துக்கொண்டு நகராமல் நின்றார். எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகும் பக்கம். கேரளாதான், ஆனால் சொசைட்டி வரிசையில் காதில் விழுவது பெரும்பாலும் தமிழ்.

"ஏனம்மிணி, நேத்து ஃபேட் நாலு இருந்துச்சு, இன்னிக்கு மூணு ஏழுன்னு போட்டிருக்குது?"

பால் டெஸ்ட் பண்ணும் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். பின்னால் பத்துப் பதினைந்து பேர் கேனோடு நிற்கிறார்கள். "இருங்க பெரியப்பா" என்று சொல்லிவிட்டு, எடுத்து வைத்திருந்த சாம்பிளை நன்றாகக் கலக்கி, அவர் கண் முன்னாலேயே மறுபடி மெஷினில் வைத்தாள். அதே 3.7. "மழைக்கு இளம்புல்லா நிறையப் போட்டிருப்பீங்க, கொழுப்பு கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். வைக்கோலும் சேர்த்துப் போடுங்க." பெரியவர் தலையாட்டிவிட்டுக் கேனை எடுத்துக்கொண்டு போனார். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம்.

நான் சாப்ட்வேர் எழுதுபவன். பன்னிரண்டு வருடமாக இதுதான் பிழைப்பு. கடைசி நான்கு வருடம் வீட்டிலிருந்தே. அந்த இரண்டு நிமிடம் கிடைக்காததால் எங்கள் தொழிலில் எவ்வளவு கெட்டுப்போகிறது என்பதை எழுதியே ஆக வேண்டும் என்று அன்றைக்கே தோன்றியது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், கோடில் யார் எப்போது என்ன மாற்றினார்கள் என்று பதிந்து வைக்கும் கிட் என்ற கருவி பற்றி ஒரு சின்னச் சந்தேகத்தை ஆபீஸ் குரூப்பில் கேட்டேன். நாற்பது பேர் இருந்த குரூப். ஒரு சீனியர் எல்லோர் முன்னாலும் எழுதினார்: "இதுகூடத் தெரியாதா? காலேஜில் என்ன படித்தீர்கள்?" நாலு பேர் சிரிப்புப் படம் போட்டார்கள். அதற்கப்புறம் அந்தக் குரூப்பில் நான் எதுவும் கேட்கவில்லை.

மூன்று மாதம் கழித்து பில் போடும் பகுதி ஒன்று என் கைக்கு வந்தது. தொகையையெல்லாம் ஃப்ளோட் என்கிற, புள்ளி வைத்த எண்ணாக வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டர் எண்களை இரண்டின் அடுக்குகளாக வைத்துக்கொள்வதால் 0.1 என்பதைச் சரியாக எழுத அதற்கு முடியாது. 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் பெரும்பாலான மொழிகளில் 0.30000000000000004 என்றுதான் வரும். பணத்தைப் பைசாவாக, முழு எண்ணாக வைத்துக்கொள்வதுதான் முறை. அது அன்றைக்கு எனக்குத் தெரியாது. மொத்தம் சில சமயம் ஒரு பைசா தள்ளி வருகிறது என்பது மட்டும் தெரிந்தது. யாரிடமாவது கேட்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அந்தச் சிரிப்புப் படங்கள் ஞாபகத்துக்கு வந்தன. கேட்கவில்லை. காட்டும் இடத்தில் மட்டும் ரவுண்ட் பண்ணி மறைத்துவிட்டேன்.

மாதக் கடைசியில் வாடிக்கையாளரின் கணக்குப்பிள்ளை பில்லையும் லெட்ஜரையும் வைத்துக்கொண்டு, இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றார். இரண்டு ராத்திரி ஆறு பேர் தூங்கவில்லை. "முன்னாடியே ஏன் சொல்லலை?" என்று அதே சீனியர் கேட்டார். தப்பு என்னுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் சொல்லக்கூடிய இடமாக அது இல்லை.

கண்டிப்பாக இருந்தால்தான் கோட் தரமாக இருக்கும் என்று வாதாடுபவர்கள் உடனே லினஸ் டோர்வால்ட்ஸைக் காட்டுவார்கள். 1991-இல் லினக்ஸ் என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைத் தொடங்கியவர், 2005-இல் கிட்டையும் எழுதியவர். கடுமையான மெயில்களுக்கும் பேர்போனவர். ஆனால் அவரே 2018 செப்டம்பரில், தான் நடந்துகொண்ட விதத்துக்காக எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நாள் ஒதுங்கியிருந்தார். அதை யாரும் எடுத்துக்காட்டுவதில்லை. கோட் விஷயத்தில் நானும் கண்டிப்பானவன்தான். ஒருவர் எழுதிய கோடை இன்னொருவர் சரிபார்ப்பதுதான் ரிவ்யூ. "யார் எழுதினது இது?" என்று அதில் எழுதினால் எதிரே இருப்பவருக்குக் கிடைப்பது அவமானம் மட்டும். "இந்த லூப் ஒவ்வொரு வரிக்கும் டேட்டாபேஸுக்குப் போய் வருகிறது, ஆயிரம் வரி வந்தால் ஆயிரம் தடவை போகும், ஒரே குவெரியில் எடுக்க முடியுமா பாருங்கள்" என்று எழுத இன்னும் ஒரு நிமிடம் ஆகும். கோடும் திருந்தும், ஆளும் கற்றுக்கொள்வார்.

ஆன்லைனில் இது இன்னும் மோசம், ஆபத்தும் கூட. எக்ஸ்இசட் என்று ஃபைல்களைச் சுருக்கும் ஒரு சின்ன கம்ப்ரஷன் கருவி, ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் இருக்கிறது. சம்பளம் இல்லாமல் ஒரே ஒருவர் பல வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். 2022-இல், வேலை மெதுவாக நடக்கிறது, வேறு ஆளைப் போடுங்கள் என்று முன்பின் தெரியாத சில பெயர்களிலிருந்து நச்சரிப்பு. தன் மனநலம் சரியில்லை, இது சம்பளமில்லாமல் செய்கிற வேலை என்று அவர் சொல்லியும் விடவில்லை. கடைசியில், உதவிக்கு வந்த ஒரு ஆளிடம் பொறுப்பில் பங்கு கொடுத்தார். அந்த ஆள்தான் 2024-இல், வெளியிலிருந்து திருட்டுத்தனமாக உள்ளே நுழைய ஒரு பின்வாசலை அதில் செருகியது. நச்சரித்த பெயர்களே அதற்காக உருவாக்கப்பட்ட போலிகள் என்றுதான் இன்றைக்குப் பலரும் கருதுகிறார்கள்.

அதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற சாப்ட்வேர் இன்ஜினியர். லாகின் ஆக வழக்கத்தைவிட அரை வினாடி அதிகமாகிறதே என்று விடாமல் தோண்டி, 2024 மார்ச் 29 அன்று, புனித வெள்ளியன்று, ஊருக்குச் சொன்னார். அந்த அரை வினாடியைப் பலரும் பாராட்டி எழுதினார்கள், சரிதான். எனக்கு மனசில் தைத்தது மற்றது. களைத்துப்போன ஒரு மனிதரைத் திட்டுவது இணையத்தில் அவ்வளவு சாதாரணமாகிவிட்டதால்தான் போலிகள் நச்சரித்தது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. நூற்றோடு நூற்றொன்றாகப் போய்விட்டது.

கேட்கிறவர்களுக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. காலையில் "ஹாய்" என்று ஒரு மெசேஜ். நானும் "ஹாய்" என்றால் அரை மணி நேரம் சத்தமே இருக்காது. எந்த ஸ்கிரீன், என்ன எரர், என்ன செய்து பார்த்தீர்கள், மூன்றையும் முதல் மெசேஜிலேயே எழுதிவிடுங்கள். பெரியவர் ரசீதைக் காட்டித்தான் கேட்டார்.

இப்போது புதிதாக வருகிற பிள்ளைகள் எங்களிடம் கேட்பதே குறைந்துவிட்டது. ஏஐயிடம் கேட்டுக்கொள்கிறார்கள். அது ஒருபோதும் முகம் சுளிக்காது. அதற்காக அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன், நானும் கேட்கிறேன். ஆனால் எங்கள் வாடிக்கையாளர் ஏன் பில்லை இருபத்தைந்தாம் தேதி மூடுகிறார் என்பது அதற்குத் தெரியாது. பக்கத்து சீட்டுக்காரருக்குத் தெரியும். அவரிடம் கேட்கப் பயந்து அதனிடம் போனால் பதில் சரளமாக வரும், தப்பாகவும் வரும்.

நேற்று ராத்திரி ஒன்பது மணிக்கு எங்கள் டீமில் சேர்ந்து இரண்டு மாதமே ஆன பெண், நூறு பேர் இருக்கிற குரூப்பில் எழுதியிருந்தாள்: "அண்ணா, வரி கணக்கிடும் இடத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியா ரவுண்ட் பண்றோம், மொத்தத்துக்கு ஒருதரம் பண்றதில்லை. வேணும்னுதான் செய்ததா? எனக்குப் புரியலை." கீழே இரண்டு பில்லின் படமும் வைத்திருந்தாள். பதில் எனக்கும் உடனே தெரியவில்லை. தெரியவில்லை என்றே அங்கே எழுதினேன். காலையில் இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம், அவள் சந்தேகப்பட்டது சரி. நாளைக்குப் போக வேண்டிய ரிலீஸைத் திங்கட்கிழமைக்குத் தள்ளியிருக்கிறோம்.