தலைப்பட்டை காட்டும் எண் படைப்பாற்றல் அல்ல

“இந்தப் பட்டையை நெற்றியில் மாட்டினால் வலது மூளை விழிக்கும் நொடியிலேயே படைப்பாற்றல் எத்தனை சதவீதம் என்று கைபேசி காட்டும்” என்றொரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு.

பட்டை அளப்பது மூளையின் இயக்கத்தால் தலைத்தோலில் கிடைக்கும் மின்னழுத்தம். சில பத்து மைக்ரோவோல்ட்தான். ஒரு கண்சிமிட்டலே 100 மைக்ரோவோல்ட்டைத் தாண்டும், பல்லைக் கடித்தால் தாடைத் தசையின் இரைச்சலும் சேரும். புது யோசனை தேடும்போது ஆல்ஃபா என்ற வகை மூளை மின்னலை (நொடிக்கு 8–12 துடிப்பு) கூடுவதாகப் பல ஆய்வுகள் கண்டது உண்மையே. ஆனால் கண்ணை மூடிச் சும்மா உட்கார்ந்தாலும் அது கூடும்! அதனால்தான் ஆய்வகத்தில் முதலில் ஓய்வுநிலையைப் பதிவுசெய்கிறார்கள். பிறகு ‘செங்கல்லை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம்?’ போன்ற கேள்விகளைப் பல சுற்று கேட்டு, சிமிட்டல்களை நீக்கி, சராசரி எடுக்கிறார்கள். பதில் புதுமையானதா என்பதைப் பின்னர் மனிதர்களே மதிப்பிடுகிறார்கள். அலைக்கு அது தெரியாது.

மூளை ஸ்கேனரும் நொடிக்கணக்கு சொல்லாது. 2008-இல் லிம்ப், பிரான் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 6 ஜாஸ் பியானோ கலைஞர்களை, காந்தம் ஈர்க்காத 35 கட்டை விசைப்பலகையோடு எஃப்எம்ஆர்ஐ என்ற மூளை ஸ்கேனருக்குள் வாசிக்கவைத்தார்கள். அக்கருவி பார்ப்பது ரத்த ஓட்ட மாற்றத்தை; அது உச்சம் தொட சுமார் 5 நொடி ஆகும்.

படைப்பாற்றல் வலது மூளையின் வேலை என்ற கதையும் நிற்காது: படைப்புச் சிந்தனையில் இருபுறமும் பரவிய வலையமைப்புகள் சேர்ந்தே இயங்குகின்றன.